நானூறு பேரின் இடது கை

வட்டார மருத்துவ ஆராய்ச்சிச் சங்கத்தைத் தொடங்கியவர்கள் பதினொரு டாக்டர்கள். தாய்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் அவர்களுக்கு மேடையில் நாற்காலி போடவில்லை. ஆராய்ச்சியில் அவர்களுக்கு ஆர்வம் பிறந்தது அந்த மாலையில்தான். முதல் ஆண்டு விதிமுறைகள் எழுதினார்கள். இரண்டாம் ஆண்டு கடிதத்தாள் அச்சடித்தார்கள். மூன்றாம் ஆண்டு, கடிதத்தாளில் யார் பெயர் மேலே யார் பெயர் கீழே என்று தகராறு வந்து நான்கு பேர் வெளியேறினார்கள். மீதி ஏழு பேர் கூடி, ஆராய்ச்சியைத் தொடர்வதென்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். எதைத் தொடர்வது என்பது தீர்மானத்தில் இல்லை.

இதை இப்படியே எழுதினால் பொன்விழா மலரில் வராது என்று ரைட்டருக்குத் தெரியும். "அறிவுத் தாகம் கொண்ட பதினொரு இளம் மருத்துவர்கள்" என்று எழுதினார். நாற்காலியை விட்டுவிட்டார்.

சங்கத்தின் ஐம்பது வருஷ வரலாற்றை எழுதும் வேலை அவர் தலையில் விழுந்திருந்தது. எழுதுவது அவர், அட்டையில் வரப்போவது செயலாளர் பெயர். இதில் அவருக்கு வருத்தம் ஒன்றுமில்லை. ரைட்டர் என்பதே அவர் பெயர் அல்ல. இருபத்தைந்து வயதில் வேலை கேட்டு வந்தபோது, கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதென்று சேர்த்துக்கொண்டார்கள். அன்று விழுந்த பெயர். மருந்துக்கடை மாடியில் நீள அறை, இரண்டு பீரோ, பதினாறு நாற்காலிகள். அவற்றில் நம்பி உட்காரக்கூடியவை பதினொன்று. கதவைத் திறப்பது, மைக்கை ஊதிப் பார்ப்பது, தேநீருக்குச் சொல்வது, யாரும் பிரிக்காத புத்தகங்களுக்குத் தூசி தட்டுவது என்று முப்பத்துநான்கு வருஷம் ஓடிவிட்டது.

முக்கியமான வேலை ஒன்று உண்டு. கூட்ட நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது. மற்ற சங்கங்களில் கூட்டம் முடிந்த பிறகு எழுதுவார்கள். இங்கே முந்தின நாளே எழுதிவிடுவது வழக்கம். அதைத் தொடங்கிவைத்தவர் அந்தக் காலத்துச் செயலாளர், பெரிய டாக்டர். "நாளைக்கு என்ன பேசப் போறோம்னு உனக்குத் தெரியாதாய்யா? இன்னிக்கே எழுதி வை. கையெழுத்தப் போட்டுட்டுக் கிளம்புறோம்" என்றார். ரைட்டர், யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், யார் ஐயம் எழுப்பி யார் விளக்கிய பின் சமாதானமானார் என்பதுவரை எழுதிவைப்பார். டாக்டர்கள் வந்து, பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்று, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். ஒரு முறை வழிமொழிந்தவர் அன்று காலையில்தான் இறந்திருந்தார். எழுதியதை அடிக்க மனமில்லாமல், இரங்கல் தீர்மானத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளினார்கள்.

வரலாற்றில் இதெல்லாம் சுலபமாகவே வந்தது. இருபதாம் ஆண்டுக்கு வந்தபோதுதான் ரைட்டரின் பேனா நின்றது.

அந்த ஆண்டில்தான் சங்கம் தன் மாபெரும் கண்டுபிடிப்பைச் செய்தது. ஒவ்வொரு வட்டாரச் சங்கமும் தன் பகுதி மக்களில் ஆரோக்கியமான நானூறு பேருக்கு ரத்த அழுத்தம் பார்த்து அனுப்ப வேண்டும் என்று தலைமையிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. முகாம் போட்டார்கள். முதல் வாரம் அறுபது பேர் வந்தார்கள். இரண்டாவது வாரம், கையைக் கட்டி ரத்தத்தை உறிஞ்சுகிறார்கள் என்று எவனோ கிளப்பிவிட, ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. பெரிய டாக்டர் இரண்டு நாள் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் மதியம் அறைக்குள் பார்த்தார். பீரோவைப் பூட்டிக்கொண்டிருந்தார் ரைட்டர்.

"யோவ், உனக்கு ஏதாவது வியாதி இருக்கா?"

"இல்லைங்க டாக்டர்."

"அப்ப நீ ஆரோக்கியமான ஆளு. கையை நீட்டு."

இடது கையை நீட்டினார். இறக்கிவிட்டு மறுபடி நீட்டச் சொன்னார் பெரிய டாக்டர். அன்று இருபது முறை.

பெரிய டாக்டர் நேர்மையானவர். அதைச் சொல்லத்தான் வேண்டும். பார்க்காத அளவை அவர் ஒருநாளும் எழுதியதில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, பாதரசம் இறங்குவதைக் கண் இமைக்காமல் பார்த்து, காதால் கேட்டுத்தான் எழுதினார். வயதையும் தொழிலையும் சொல்வது மட்டும் ரைட்டர் பொறுப்பு. முதல் நாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். மூன்றாம் நாள் சூடு பிடித்துவிட்டது. தையல்காரர், நாற்பத்தாறு. மாவு மில் பெண்மணி, முப்பத்தெட்டு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அறுபத்தெட்டு. மருத்துவச்சி, ஐம்பத்தொன்று, ஏழு பிள்ளை பெற்றவர். "ஏழு வேணாம்யா, அஞ்சு போதும்" என்றார் பெரிய டாக்டர், பட்டையைக் கட்டிக்கொண்டே. ரைட்டரின் முழங்கைக்கு மேல் நாவல்பழ நிறத்தில் ஒரு வளையம் விழுந்தது.

பதினேழு நாளில் முந்நூற்று நாற்பது பேர் ஆனார்கள். முகாமுக்கு வந்த அறுபது பேரையும் சேர்த்தால் நானூறு. கூட்டிப் பார்த்தபோது ஒரு சிக்கல். முந்நூற்று நாற்பது பேருக்கும் 150/94 பக்கமாக இருந்தது. ரைட்டருக்கு பெரிய டாக்டரைக் கண்டால் உள்ளூர உதறல். அது பாதரசத்தில் ஏறியிருந்தது. நிஜமாக வந்துபோன அறுபது பேருக்கோ அளவு தாறுமாறாக, ஆளுக்கொரு விதமாக, பெரும்பாலும் குறைவாக இருந்தது. பெரிய டாக்டர் ஒரு இரவு முழுக்க யோசித்தார். விஞ்ஞானத்தில் உணர்ச்சிக்கு இடமில்லை என்று சொல்லி, பொருந்தாத அறுபது பேரை நீக்கினார். இன்னும் மூன்று நாள் கையை நீட்டச் சொன்னார்.

இப்படியாக, இந்த வட்டாரத்து மக்களுக்கு இருபது வயதிலிருந்து எழுபது வயதுவரை, ஆணானாலும் பெண்ணானாலும், எந்தத் தொழில் செய்தாலும் ரத்த அழுத்தம் மாறுவதேயில்லை என்று சங்கம் கண்டுபிடித்தது. உலகத்தில் வேறெங்கும் இப்படி இல்லை. காரணம் நிலத்தடி நீர் என்றார்கள் சிலர். காற்று என்றார்கள் வேறு சிலர். இரண்டு கட்சிகளும் இரண்டு வருஷம் பேசிக்கொள்ளவில்லை. பெரிய டாக்டருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து, தண்ணீரை மூன்று பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார். தேநீர் கொடுத்த ரைட்டரின் கையையும் குலுக்கினார். வலது கையை.

வட்டாரத்து மக்களுக்கு 160/100 வரை இயல்பு, சிகிச்சை வேண்டாம் என்று அட்டை அச்சடித்து, ஒவ்வொரு டாக்டர் அறையிலும் மாட்டினார்கள். ரைட்டர்தான் அச்சகத்துக்குக் கொண்டுபோனார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக் கூடாதென்று யாரும் சொல்லவுமில்லை. சந்தைக்குள் நடக்கும்போது எதிரே வருகிறவர்களைப் பார்த்து, நீங்கள் எல்லாரும் நான்தான் என்று நினைத்துக்கொள்வார். அதில் ஒரு சுகம் இருந்தது. வாழ்க்கையில் அவருக்குக் கிடைத்த ஒரே பதவி அது.

அந்தச் சுகத்துக்குத்தான் இப்போது முப்பது வருஷம் கழித்து வினை வந்திருந்தது. அவர் மனைவிக்கு இரண்டு மாதமாகக் காலையில் எழுந்தால் பின்மண்டையில் வலி. ஒருநாள் துணி உலர்த்தப் போனவள் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சின்ன டாக்டரிடம் கூட்டிப்போனார். பெரிய டாக்டரின் மகன். இப்போதைய செயலாளர் அவர்தான். வயது ஐம்பத்திரண்டு ஆகியும் சின்ன டாக்டர்தான். பட்டையைக் கட்டிப் பார்த்தார். 158/98. தலையைத் தூக்கிச் சுவரில் இருந்த அட்டையைப் பார்த்தார்.

"நார்மல்மா."

"தலை சுத்துதுங்களே டாக்டர்."

"கண்ணாடி பவர் மாறியிருக்கும். நம்ம வட்டாரத்து உடம்பு வேற. வெளியூர்க்காரங்களுக்குத்தான் இது பிரஷர், நமக்கு இது இயற்கை."

கண்ணாடியை மாற்றினார்கள். தலைசுற்றல் தெளிவாகத் தெரிந்தது. வேறு இரண்டு டாக்டர்களைப் பார்த்தார்கள். இருவர் சுவரிலும் அதே அட்டை.

ரைட்டர் சங்கத்துப் பீரோவைத் திறந்து, தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து ஒட்டிக்கிடந்த பக்கங்களைப் பிரித்தார். 140/90-க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். விட்டால் மூளையில் நரம்பு வெடிக்கலாம், ஒரு பக்கம் விழுந்துபோகலாம் என்று இருந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நம்பக்கூடாத ஐந்தில் ஒன்று அது. எழுந்து வேறொன்றில் உட்கார்ந்தார்.

வீட்டுக்குப் போய், "ரயிலேறிப் பெரிய ஊர் டாக்டரைப் பாத்துட்டு வரலாம்" என்றார்.

"எதுக்கு? மூணு டாக்டர் ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. இங்க நார்மல், ரயிலைவிட்டு இறங்கினா நோயாளியா? நல்லா இருக்கே கதை."

அவளை எதற்காவது சம்மதிக்கவைப்பது அவரால் ஆகாத காரியம். உண்மையைச் சொன்னால்தான் நடக்கும் என்று தோன்றியது. நானூறு பேரும் நான்தான் என்றார்.

அவள் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"ஒரு சமயம் கை கன்னிப்போய்க் கிடந்தீங்களே. பீரோ இடிச்சுதுன்னு சொன்னீங்க. எண்ணெய் போட்டு உருவிவிட்டேனே, அதுவா?"

"அதுதான்."

"நானூறு பேர்ல பொம்பளைங்க எத்தனை பேரு?"

"நூத்தி எழுபது."

"நூத்தி எழுபது பொம்பளையா இருந்திருக்கீங்க. ஒருத்தியாவது ஒருநாள் அடுப்புப் பக்கம் வந்தீங்களா?"

அவர் அசடு வழிந்தார். அவள் விடவில்லை.

"ரயிலேறி நான் ஏன் போகணும்? நான் மட்டும் போய் மாத்திரை வாங்கிட்டு வந்து முழுங்கணும், மத்தவங்க கெடக்கட்டும்னா? கட்டின பொய்யை நீங்க போய் அவிழ்த்துட்டு வாங்க. சின்ன டாக்டர் என் கையில மாத்திரையை எழுதிக் குடுக்கட்டும். அதுவரைக்கும் நான் எங்கயும் வரலை."

சொல்லிவிட்டு எழுந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாளே ரைட்டர் சின்ன டாக்டர் எதிரில் போய் நின்றார். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். சின்ன டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை.

"ரைட்டர், அப்பா படத்தைத் திறக்கப்போற வருஷம் இது. தெரியுமில்ல?"

"தெரியும் டாக்டர்."

"நீங்க நானூறு பேரா? உங்களால ஒரு ஆளோட வேலையே பாக்க முடியலையே. போன கூட்டத்துல நாற்காலி பத்தலை."

"அஞ்சு உடைஞ்சிருக்கு டாக்டர். சந்தேகமிருந்தா என் கையைப் பாத்துக்குங்க. பழைய நோட்டுல இருக்குறதும் இதுவும் ஒண்ணுதான்னு தெரிஞ்சுடும்."

சின்ன டாக்டர் பட்டையைக் கட்டினார். ரைட்டருக்கு அப்பாவிடம் இருந்த அதே உதறல் மகனிடமும் இருந்தது. பாதரசம் ஏறி இறங்கியது. 150/94.

சின்ன டாக்டரின் முகம் மலர்ந்துவிட்டது. எழுந்து ரைட்டரின் தோளைப் பிடித்துக் குலுக்கினார்.

"அம்பத்தொன்பது வயசு! நோட்டுல இருக்குற சராசரி அப்படியே வருது பாருங்க! அப்பா எவ்வளவு பெரிய ஆளு! வயசானாலும் மாறாதுன்னு அன்னிக்கே சொன்னாரே! நீங்களே நடமாடுற சாட்சி ரைட்டர். இதை மறக்காம வரலாற்றுல சேர்த்துடுங்க."

ரைட்டர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். உண்மையைச் சொல்லி ஒரு பொய்யை நிரூபித்துவிட்டு வருகிற மனிதர் எப்படி நடப்பாரோ அப்படி நடந்தார்.

வீட்டில் மனைவி, "சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

"சொன்னேன். சந்தோஷப்பட்டார்."

அவள் போய்ப் படுத்துக்கொண்டாள். பகலில் படுக்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. ரைட்டர் வாசலுக்கும் அறைக்குமாக நடந்தார். மூச்சு வருகிறதா என்று இரண்டு முறை எட்டிப் பார்த்தார்.

மூன்றாம் நாள் பொன்விழாவுக்கான செயற்குழுக் கூட்டம். வழக்கம்போல முந்தின நாள் மதியம் குறிப்பேட்டைத் திறந்துவைத்து உட்கார்ந்தார். தீர்மானம் ஐந்து: விழாக் குழுப் படத்தில் யார் எங்கே உட்காருவது. தீர்மானம் ஆறு: கழிவறைத் தாழ்ப்பாள். பேனாவை மையில் தொட்டுவிட்டுச் சும்மா இருந்தார். முப்பத்துநான்கு வருஷமாக அவர் எழுதியதைத்தான் இவர்கள் பேசியிருக்கிறார்கள். இது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. தீர்மானம் ஏழு என்று எழுதினார். வட்டார அளவு அட்டையைப் பாடநூலின் அளவுக்கு இசைவாக 140/90 என்று திருத்திப் புதிதாக அச்சிட்டு எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்புவது. செயலாளர் முன்மொழிந்தார். தலைவர் வழிமொழிந்தார். உறுப்பினர் ஒருவர் ஐயம் எழுப்பினார். செயலாளரின் விளக்கத்தை ஏற்று அமர்ந்தார். ஒருமனதாக நிறைவேறியது. கையெழுத்து வழக்கத்தைவிட அழகாக வந்திருந்தது.

கூட்டத்தில் படத்துக்கு உட்காரும் வரிசையைப் பற்றி ஒன்றரை மணி நேரம் சண்டை. தலைவர் ஓய்வுபெற்ற அறுவைச் சிகிச்சைக்காரர். கூட்டங்களில் கண்ணை மூடிக்கொள்வார். சண்டை ஓய்ந்து குறிப்பேடு அவரிடம் வந்தபோது என்றுமில்லாமல் கண்ணைத் திறந்தார்.

"ஏழாவது என்னய்யா?"

"சுவர் அட்டைங்க சார். புதுசா அச்சடிக்கிறது."

"சைஸ் மாறுதா?"

"அதே சைஸ்தான் சார்."

"மாத்திடாத. நான் அதே ஆணியிலதான் மாட்டணும்." கையெழுத்துப் போட்டார். சின்ன டாக்டர் பேனாவை வாங்கிப் படிக்காமலே அடியில் கையெழுத்திட்டு, படத்தில் தன் நாற்காலி நடுவிலிருந்து எத்தனையாவது என்று எண்ணிக்கொண்டே எழுந்துபோனார்.

அன்று மாலையே ரைட்டர் அச்சகத்துக்குப் போனார். பக்கத்தில் நின்று எண்களை மூன்று முறை சரிபார்த்தார். ஒன்பது நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு டாக்டர்களுக்கும் அட்டை போய்ச் சேர்ந்தது. பதினோராம் நாள் மனைவியைச் சின்ன டாக்டரிடம் கூட்டிப்போனார். அவள் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லத் தெம்பில்லை.

சின்ன டாக்டர் பட்டையைக் கட்டினார். 158/98. வழக்கம்போல் தலையைத் தூக்கினார். அதே ஆணியில், பொன்விழா முத்திரையோடு புது அட்டை. உதவியாளர் எப்போதோ மாட்டியிருக்க வேண்டும். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். கீழே பொடி எழுத்தில் செயலாளர் முன்மொழிய, தலைவர் வழிமொழிய என்று இருந்தது. ரைட்டர் பக்கம் திரும்பினார். ரைட்டர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தானே முன்மொழிந்தது தனக்குத் தெரியாது என்று ஒரு செயலாளர் எப்படிச் சொல்வார்?

"கூடுதலா இருக்கேம்மா" என்றார் சின்ன டாக்டர். சொல்லச் சொல்லக் குரலில் அதட்டல் ஏறியது. "இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க? முன்னாடியே வர வேணாமா?"

"வந்தேன் டாக்டர். அப்ப நார்மலா இருந்தேன்."

டாக்டர் குனிந்து மாத்திரையை எழுதினார். காலையில் ஒன்று, விடாமல் சாப்பிட வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும். சீட்டைக் கிழித்து நீட்டும்போது ரைட்டரைப் பார்க்காமல் சொன்னார்:

"சங்கம் தானாவே முன்வந்து அளவைத் திருத்திச்சுன்னு ஒரு பத்தி போட்டுடுங்க. துணிச்சலான முடிவு. அப்பா இருந்திருந்தா அவரே செஞ்சிருப்பார்."

"சரிங்க டாக்டர்."

கூடத்தில் உட்கார இடமில்லை. அட்டை மாறிய சில நாளிலேயே வட்டாரத்தில் பாதிப் பேர் நோயாளிகளாகியிருந்தார்கள். மருந்து கொடுக்கும் கம்பிக் கூண்டின் முன்னால் ரைட்டர் வரிசையில் நின்றார், மனைவி அவருக்குப் பின்னால். அவருக்கு முன்னால் நின்றவர் பேருந்து ஓட்டுநராக இருந்தவர். வலது கால் இழுத்துக்கொண்டு, வலது கை வயிற்றோடு மடங்கி இருந்தது. சங்கத்து மாடிக்குக் கீழே தினமும் பேருந்தை நிறுத்தியவர் என்பதால் முகம் தெரியும். ரைட்டரைக் கண்டதும் கோணலாகச் சிரித்தார்.

"நீங்க டாக்டருங்க சங்கத்துல இருக்குறவர்தானே? எனக்கும் பிரஷராம். மாத்திரை எழுதிக் குடுத்திருக்காங்க." மடங்கிய கையை மற்ற கையால் தூக்கிக் காட்டினார். "மூணு வருஷம் முன்னாடி இது வர்றதுக்கு முந்தின வாரம் பாத்தப்போ, நார்மல்னு அனுப்பிட்டாங்க. ஏன் சார், இந்த பிரஷர் அப்பவே இருந்துதா, இல்ல இப்பத்தான் வந்துதா?"

ரைட்டர் வாயைத் திறந்தார். நிலத்தடி நீர், காற்று என்று ஏதேதோ நாக்கு நுனிவரை வந்தது. முப்பத்துநான்கு வருஷமாக எல்லாக் கேள்விக்கும் முதல்நாளே பதில் எழுதிவைத்தவர் இதற்கு எதுவும் எழுதிவைத்திருக்கவில்லை.

"அப்பவே இருந்துச்சுங்க" என்றாள் மனைவி பின்னாலிருந்து.

ஓட்டுநர் அவளைப் பார்த்தார். பிறகு ரைட்டரைப் பார்த்தார். கூண்டுக்குள்ளிருந்து யாரோ அவருடைய எண்ணைக் கூப்பிட்டார்கள். சீட்டை வாயில் கவ்விக்கொண்டு, நல்ல கையால் கம்பியைப் பிடித்து முன்னால் நகர்ந்தார்.